லிஞ்ச் குடும்பம் எங்கெங்கே போனது?

கேள்வி இதுதான்: சே குவேராவுக்கு ஐரிஷ் பூர்வீகம் என்கிறார்களே, அது உண்மையா, இல்லை யாரோ கிளப்பிவிட்ட கதையா? உண்மை என்றால், முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலேறிய ஒரு குடும்பத்தை இப்போது எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள்?

முதல் பாதிக்குப் பதில் சுலபம். உண்மைதான். அவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர் ஆனா லிஞ்ச். அந்த லிஞ்ச் அயர்லாந்தின் கால்வே பக்கத்திலிருந்து வந்த லிஞ்ச். சேவிலிருந்து மேலே எண்ணினால் ஆறாவது தலைமுறையில் பாட்ரிக் லிஞ்ச் என்பவர் நிற்கிறார், அவர்தான் கடல் தாண்டியவர். இரண்டாவது பாதிதான் நீளம். அதைச் சொல்ல இந்தக் குடும்பத்தின் கதையையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வம்சாவளி தேடுகிறவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்பது இதில் நன்றாகத் தெரியும். பலரும் குடும்பப்பெயரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பெயர் பாதி வழியில் கையை விட்டுவிடும். ஊரையும், கூடப் பிறந்தவர்களையும், அந்தக் குடும்பத்துப் பெண்களையும் பிடித்தால்தான் போய்ச் சேர முடியும்.

கால்வே அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள துறைமுகம். பதினான்கு வணிகக் குடும்பங்கள் சேர்ந்து அந்த ஊரைத் தங்கள் கையில் வைத்திருந்தன, அதில் லிஞ்ச் குடும்பம் பெரிய கை. ஊரின் முதல் மேயரே ஒரு லிஞ்ச்தான். ‘லிஞ்ச் கோட்டை’ என்ற கல் வீடு இன்றும் கடைத்தெரு நடுவில் நிற்கிறது, உள்ளே பேங்க் நடக்கிறது. 1691-இல் இங்கிலாந்தின் புராட்டஸ்டண்ட் மன்னர் வில்லியமின் படையிடம் கால்வே சரணடைந்ததோடு கத்தோலிக்கர்களான இவர்களுடைய காலம் முடிந்தது. அப்புறம் வந்த சட்டங்களைப் படித்தால் வயிறு எரியும். கத்தோலிக்கர் நிலம் வாங்கக் கூடாது. குத்தகைக்கு எடுத்தாலும் 31 வருஷத்துக்கு மேல் கூடாது. அப்பா செத்தால் நிலத்தை எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் பங்குபோட்டே ஆகவேண்டும், ஆனால் மூத்தவன் புராட்டஸ்டண்ட் ஆகிவிட்டால் மொத்தமும் அவனுக்கு. யாரையும் ஊரைவிட்டுத் துரத்த வேண்டியதில்லை, இரண்டு தலைமுறை சும்மா உட்கார்ந்திருந்தாலே சொத்து துண்டு துண்டாகிவிடும். அதனால் இளையவர்கள் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போனார்கள். 1715-இல் கால்வேக்குப் பக்கத்தில் லிடிகன் என்ற இடத்தில் பிறந்த பாட்ரிக் லிஞ்சும் அப்படித்தான் போனார். முதலில் ஸ்பெயினின் பில்பாவோ, அங்கிருந்து 1740களில் தென் அமெரிக்கா, பியூனஸ் அயர்ஸ்.

ஸ்பானியப் பேரரசில் பதவியோ கௌரவமோ வேண்டுமென்றால் ‘ரத்தத் தூய்மை’ காட்ட வேண்டும், அதாவது முன்னோரில் யூதரோ முஸ்லிமோ இல்லை, நல்ல கத்தோலிக்கக் குடும்பம் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். எனவே கொஞ்சம் வசதியான ஐரிஷ்காரர்கள் கிளம்பும்போதே தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்களை எழுதி, முத்திரை போட்ட சான்றிதழ்களைச் சேகரித்துக்கொண்டு போனார்கள். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு 18-ஆம் நூற்றாண்டிலேயே கோவையாக வம்சாவளி கிடைப்பதன் ரகசியம் இதுதான். அந்தக் காலத்து ஸ்பெயினின் மதவெறிக்கு இந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறார்கள், என்ன செய்வது.

பாட்ரிக் பியூனஸ் அயர்ஸில் வசதியான வீட்டில் பெண் எடுத்தார், நிலமும் சேர்ந்தது. மகன் ஹுஸ்தோ பஸ்தோர் லிஞ்ச். இந்த ஹுஸ்தோவின் பிள்ளைகளில் இரண்டு பேரை மட்டும் நினைவில் வையுங்கள், இங்கேதான் கிளை பிரிகிறது. ஒருவர் எஸ்தானிஸ்லாவ், இன்னொருவர் பத்ரீசியோ. பத்ரீசியோ அர்ஜென்டினாவிலேயே பெரிய நிலக்காரராக இருந்துவிட்டார். எஸ்தானிஸ்லாவ், விடுதலைப் போரில் ஆண்டிஸ் மலையைத் தாண்டிய சான் மார்ட்டினின் படையோடு சிலிக்குப் போனார், அங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டார்.

அவருடைய மகனுக்கும் பெரியப்பா சித்தப்பா வீட்டில் ஓடுகிற அதே பத்ரீசியோ என்ற பெயர்தான். இவர் ஒரு தனி ஆள். சிலிக் கடற்படையில் சேர்ந்த பையன், பயிற்சிக்காக பிரிட்டிஷ் கடற்படைக்கு அனுப்பப்பட்டு, முதல் அபினிப் போரில் சீனக் கரையோரம் சண்டை போட்டார். நாற்பது வருஷம் கழித்து சிலிக்கும் பெருவுக்கும் போர். 1880-இல் பெருவின் வடக்குக் கரையில் படையோடு இறங்குகிறார், அங்கே கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தம் என்ற பெயரில் அடிமைகளாகக் கிடந்த சீனக் கூலிகள். எதிரே செந்தலையோடு ஒரு வெள்ளைக்காரத் தளபதி வந்து நின்று சீன மொழியில் பேசினால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘சிவப்பு இளவரசர்’. பல பேர் அவர் படையோடேயே சேர்ந்துகொண்டார்கள். (விடுதலை வீரர் என்று உருகிவிட வேண்டாம், அதே பயணத்தில் பணம் கட்டாத தோட்டங்களைக் கொளுத்தியவரும் அவர்தான்.) 1881 முதல் 1883 வரை லிமாவில் சிலியின் ராணுவ ஆளுநர். ‘பெருவின் கடைசி வைசிராய்’ என்று கிண்டலாகச் சொல்வார்கள். நிஜ வைசிராய் வரிசையிலும் ஒரு ஐரிஷ்காரர் உண்டு, ஸ்லைகோ பக்கத்திலிருந்து போன அம்ப்ரோசியோ ஓ’ஹிக்கின்ஸ், சிலியின் விடுதலைத் தலைவர் பெர்னார்தோவின் அப்பா. லிமாவுக்கும் ஐரிஷ்காரர்களுக்கும் ஏதோ ராசி போலிருக்கிறது.

சரி, அர்ஜென்டினாவில் தங்கிய கிளைக்கு வருவோம். அங்கே ரோசாஸ் என்ற சர்வாதிகாரி. அவரைப் பிடிக்காதவர்கள் உயிர் பிழைக்க நாட்டைவிட்டு ஓடினார்கள். நிலக்காரர் பத்ரீசியோவின் மகன் பிரான்சிஸ்கோ லிஞ்ச் அப்படி ஓடியவர்களில் ஒருவர், அலைந்து கடைசியில் சேர்ந்த இடம் தங்க வேட்டைக் காலத்துக் கலிஃபோர்னியா. அங்கே பிறந்தவர்தான் மகள் ஆனா. அவர் பின்னாளில் மணந்துகொண்ட ராபர்த்தோ குவேராவும், அர்ஜென்டினாவிலிருந்து தங்கம் தேடி வந்த ஒருவருக்குக் கலிஃபோர்னியாவில் பிறந்தவரே. ரோசாஸ் வீழ்ந்த பிறகு இரண்டு குடும்பமும் அர்ஜென்டினா திரும்பின. ஆக, வாஷிங்டனின் தூக்கத்தைக் கெடுத்த ஆளின் தாத்தாவும் பாட்டியும் பிறந்தது கலிஃபோர்னியாவில். கால்வே, பில்பாவோ, பியூனஸ் அயர்ஸ், கலிஃபோர்னியா, மறுபடி அர்ஜென்டினா, பிறகு பேரன் வழியாக கியூபா, பொலிவியா. பக்கத்துக் கிளை சிலியிலும் பெருவிலும். ஒரே குடும்பத்தின் வரைபடம் இது.

அந்தப் பாட்டி மேல் சேவுக்கு உயிர். 1947-இல் அவர் படுத்த படுக்கையானபோது, வெளியூரில் வேலையில் இருந்த பையன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து பதினேழு நாள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். பாட்டி போன பிறகு இன்ஜினியரிங் படிக்கும் நினைப்பைக் கைவிட்டு மருத்துவத்தில் சேர்ந்தார்.

இப்போது பெயர் விஷயம். ஸ்பானிய வழக்கத்தில் ஒருவருக்கு இரண்டு குடும்பப்பெயர்: முதலில் அப்பாவுடையது, அடுத்து அம்மாவுடையது. அதனால் சேவின் அப்பா எர்னெஸ்தோ குவேரா லிஞ்ச். சே, எர்னெஸ்தோ குவேரா தெ லா செர்னா. லிஞ்ச் போயே போச்சு. வெறும் பெயரை வைத்துத் தேடினால் உலகத்துக்கே தெரிந்த இந்தக் கால்வே வாரிசு உங்கள் வலையில் விழவே மாட்டார். எழுத்தாளர் அடால்ஃபோ பியோய் காசாரெஸின் அம்மாவும் காசாரெஸ் லிஞ்ச்தான். பிள்ளை பெயரில் அந்தத் தடம் இல்லை. ஆனால் குறை மட்டும் சொல்லக் கூடாது. அம்மாவின் பெயரை ஒரு தலைமுறைக்காவது ஏந்திக்கொண்டு போகிற இந்த முறை தேடுகிறவர்களுக்குப் பெரிய வரம். நியூயார்க்கில் கல்யாணம் ஆன பெண் அன்றைக்கே பதிவேட்டில் காணாமல் போகிறாள், பியூனஸ் அயர்ஸில் அவள் பெயர் பிள்ளைகளின் பெயரில் நிற்கிறது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு, பெயர் ஒன்றாக இருப்பதாலேயே உறவு என்று முடிச்சுப் போடுவது. பராகுவே சர்வாதிகாரி பிரான்சிஸ்கோ சொலானோ லோபெஸின் துணைவி எலிசா லிஞ்ச், 1870-இல் செர்ரோ கோராவில் அவரும் மூத்த மகனும் கொல்லப்பட்டபோது இருவரையும் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தவர். அவர் கார்க் மாவட்டத்துப் பெண். வர்ஜீனியாவில் சார்லஸ் லிஞ்ச் என்று ஒருவர், அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் முறையான நீதிமன்றம் இல்லாமலே தண்டனை கொடுத்தவர், கும்பல் கொலைக்கு ஆங்கிலத்தில் இன்று புழங்கும் சொல் அவர் பெயரிலிருந்து வந்ததாகத்தான் பெரும்பாலோர் கொள்கிறார்கள். சேவோடு சேர்த்து இந்த மூவரையும் ஒரே மரத்தில் ஒட்டிவிடும் வம்சாவளிப் படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. முதலில் லிஞ்ச் என்பதே ஒரு பெயர் இல்லை, இரண்டு பெயர். ஒன்று நார்மன் காலத்தில் வந்தவர்களுடையது, கால்வேக்காரர்கள் அந்த வகை. இன்னொன்று ‘ஓ லோயிங்ஷிக்’ என்ற பழைய ஐரிஷ் மொழிப் பெயரை ஆங்கிலக் குமாஸ்தாக்கள் சுருக்கி எழுதியது, கப்பலோட்டி என்று பொருள். இந்த இரண்டு கூட்டமும் பங்காளிகளே கிடையாது.

இதுவரை சொன்னது காசு இருந்த குடும்பம், காகிதமும் இருந்தது. 1840களின் பஞ்சத்தில் கப்பலேறிய சாதாரணக் குடும்பங்களைத் தேடுவது வேறு விளையாட்டு. பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆனி மூரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1892 ஜனவரி 1. நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்த நாள். கார்க் மாவட்டத்திலிருந்து இரண்டு தம்பிகளோடு வந்த ஆனி மூர் முதல் ஆளாக உள்ளே போனாள், கையில் பத்து டாலர் தங்க நாணயம் கொடுத்தார்கள், பத்திரிகையில் செய்தி. அப்புறம் அவள் என்ன ஆனாள்? டெக்சாஸ் போய், ஐரிஷ் தலைவர் டேனியல் ஓ’கானலின் வம்சத்தவர் ஒருவரை மணந்து, 1923-இல் தெரு ரயில் மோதி இறந்தாள் என்று பல வருஷமாக எல்லோரும் சொன்னார்கள். அந்தக் குடும்பத்தாரை விழாக்களுக்கு அழைத்து மரியாதையும் செய்தார்கள். ஆராய்ச்சியாளர் மேகன் ஸ்மோலன்யாக் டெக்சாஸ் ஆனியின் காகிதங்களைப் பார்த்தபோது அவள் அயர்லாந்தில் பிறக்கவே இல்லை, பிறந்தது அமெரிக்காவின் இலினாய்ஸில் என்று வந்தது. நிஜ ஆனியை 2006-இல் கண்டுபிடித்தார்கள். எப்படி? அவள் பெயரை வைத்து இல்லை. தம்பி பிலிப்பின் குடியுரிமைப் பத்திரம் அகப்பட்டது, அதைப் பிடித்துக்கொண்டு அவன் குடும்பம், அங்கிருந்து அக்கா. ஆனி எங்கேயும் போகவில்லை. நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியிலேயே, ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்தச் சில தெருக்களுக்குள்ளேயே இருந்திருக்கிறாள். ஜெர்மானிய வம்சாவளிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள், வரிசையாகப் பிள்ளைகள், அதில் பாதி சின்ன வயதிலேயே போய்விட்டன, 1924-இல் அவளும் இறந்தாள். குவீன்ஸில் கல்லறை, மேலே கல்கூட இல்லாமல் கிடந்தது, 2008-இல்தான் வைத்தார்கள்.

ஆகவே நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ இப்படி ஒரு தேடலில் இறங்கினால் அயர்லாந்தில் ஆரம்பிக்காதீர்கள். பலர் அங்கேதான் ஆரம்பித்து மாட்டிக்கொள்கிறார்கள், நானும் மாட்டியிருக்கிறேன். அமெரிக்கப் பக்கத்தை முதலில் உறிஞ்சி எடுக்க வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு வேண்டியது நாட்டின் பெயரோ மாவட்டத்தின் பெயரோ இல்லை, ‘டவுன்லேண்ட்’ பெயர். சில நூறு ஏக்கர் கொண்ட குட்டிக் கிராமப் பிரிவு அது, நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல். அமெரிக்க ஆவணங்களில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்று மட்டும்தான் இருக்கும், எரிச்சலாக வரும். டவுன்லேண்ட் பெயர் ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு: கல்லறைக் கல், மரண அறிவிப்பு, நியூயார்க்கில் ஐரிஷ் குடியேறிகளுக்காக 1850-இல் தொடங்கிய எமிக்ரண்ட் சேவிங்ஸ் பேங்கின் கணக்குப் புத்தகங்கள். அந்த பேங்கில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களை அடையாளம் வைத்துக்கொள்ள பெற்றோர் பெயர், ஊர், வந்த கப்பல், கூடப் பிறந்தவர் யார் எங்கே இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதி வைத்தார்கள். பாஸ்டனில் ‘பைலட்’ என்ற கத்தோலிக்கப் பத்திரிகை 1831 முதல் 1921 வரை காணாமல் போனவர்களைத் தேடும் விளம்பரம் போட்டது. இன்ன ஊர், இன்ன தேவாலயப் பங்கு, இன்ன வருஷம் வந்தான், ரயில் பாதை வேலைக்குப் போனதாகக் கேள்வி, தங்கை தேடுகிறாள் என்கிற மாதிரி. ஒரு மாலை முழுக்க அவற்றைப் படித்துக்கொண்டிருந்தால் தூக்கம் வராது.

அயர்லாந்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், முதலில் என்ன இல்லை என்று சொல்ல வேண்டும். 1922 ஜூன் 30, உள்நாட்டுப் போரில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடம் வெடித்து எரிந்தபோது பொது ஆவணக் காப்பகமும் போனது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மிச்சம் இருப்பது சில துண்டுகள். 1861-உம் 1871-உம் அதற்கு முன்பே அரசே அழித்தது. 1881, 1891 முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. முழுசாக இருப்பது 1901, 1911. பஞ்சத்தில் போனவர்களுக்கு அவை ரொம்பத் தாமதம்.

அதனால் எல்லோரும் போய் நிற்கும் இடம் இரண்டு. ஒன்று கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடு. அயர்லாந்து தேசிய நூலகம் ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறது. பல லத்தீனில் இருக்கும், ஜேம்ஸ் ‘யாகோபுஸ்’ ஆகியிருப்பார், வில்லியம் ‘குலியெல்முஸ்’. ஆனால் பெரும்பாலான வரிகளில் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் ஞானப்பெற்றோர் இருவரின் பெயரும் இருக்கும். அந்த ஞானப்பெற்றோரை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அத்தை, மாமன், சித்தி. பத்து வருஷம் கழித்து பாஸ்டனில் ஒரு கல்யாணச் சாட்சியாக அதே பெயர் வந்து நின்றால், சரியான குடும்பத்தைப் பிடித்துவிட்டோம் என்று அர்த்தம். பெயர் வைக்கும் முறையும் கைகொடுக்கும். முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்பது பொது வழக்கம். பெயரன் என்ற சொல்தானே நமக்குப் பேரன் ஆனது, அதனால் இது நமக்கு விளக்கம் தேவைப்படாத சங்கதி.

இன்னொன்று ‘கிரிஃபித் மதிப்பீடு’. 1847-க்கும் 1864-க்கும் நடுவில் வரி போடுவதற்காக எடுத்த நிலக் கணக்கு. யார் குடியிருக்கிறார், யார் நிலவுடைமையாளர், எவ்வளவு நிலம், வீட்டுக்கு என்ன மதிப்பு. ஒரே டவுன்லேண்டில் இரண்டு மைக்கேல் வால்ஷ் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயரையோ ‘சிவப்பன்’ போன்ற பட்டப்பெயரையோ எழுதியிருப்பார்கள். நான் ஒரு தடவை அதைக் கவனிக்காமல் மூன்று மாதம் தவறான மைக்கேல் பின்னால் அலைந்தேன். அவர் ஊரைவிட்டே போகாதவர், 1901 கணக்கெடுப்பில் நிம்மதியாக மாட்டுக்குட்டிகளோடு உட்கார்ந்திருந்தார். இந்த மதிப்பீட்டைவிட எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வந்த திருத்தப் புத்தகங்கள். அதிகாரி திரும்ப வரும்போது ஆள் மாறியிருந்தால் பழைய பெயரை அடித்து, வேறு நிற மையில் புதுப் பெயரை மேலே எழுதி, ஓரத்தில் வருஷம் போடுவார். நீல மையில் ஒரு பெயர், அதன் மேல் கோடு, சிவப்பில் ‘விதவை’ என்ற சொல்லோடு அவர் மனைவி பெயர், அதன் மேலும் கோடு, பிறகு வீடு இருந்த இடத்தில் ‘இடிந்தது’. ஒரு குடும்பம் கிளம்பிப் போன கதை மூன்று நிறத்தில் ஒரே வரியில் இருக்கும்.

தென் அமெரிக்காவில் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 19-ஆம் நூற்றாண்டில் வெஸ்ட்மீத், லாங்ஃபோர்ட், வெக்ஸ்ஃபோர்ட் பக்கத்திலிருந்து ஆட்டுப்பண்ணை வேலைக்கு நிறையப் பேர் அர்ஜென்டினா போனார்கள். 1844-இல் அங்கு வந்த ஃபேஹி என்ற டொமினிக்கன் சாமியார் அவர்களுக்கு வேலை பார்த்துக் கொடுப்பார், பணத்தைப் பத்திரமாக வைத்திருப்பார், கல்யாணத் தரகரும் அவரேதான். அர்ஜென்டினாக்காரர்களுக்கு இவர்கள் எல்லோரும் ‘இங்லேசஸ்’, அதாவது ஆங்கிலேயர். ஐரிஷ்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை, ஆனால் 1869, 1895 கணக்கெடுப்புகளில் அப்படியே பதிவாகியிருப்பவர்கள் உண்டு, அந்தச் சொல்லைப் பார்த்து ஒதுக்கிவிட்டால் ஆளையே தொலைத்துவிடுவீர்கள். ஜேம்ஸ் அங்கே சாந்தியாகோ அல்லது தியேகோ, வில்லியம் கில்லெர்மோ. வடக்கே கனடாவில் இன்னும் மோசம், 1670-இல் கியூபெக்கில் கல்யாணம் செய்த ஓ’பிரென்னன் ஒருவரின் வாரிசுகள் இன்று ஒப்ரி என்ற பெயரில் அசல் பிரெஞ்சுக்காரர்களாகத் திரிகிறார்கள். 1847-இல் கியூபெக்கின் குரோஸ் தீவில் காய்ச்சலால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டபோது அநாதையான பிள்ளைகளைப் பிரெஞ்சுக் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. அவர்களில் பலர் பெற்றோரின் ஐரிஷ் பெயரை விடாமல் வைத்துக்கொண்டார்கள், மொழி மட்டும் பிரெஞ்சு ஆனது.

டிஎன்ஏ சோதனை செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். நல்ல துணை, ஆனால் அது மட்டும் போதாது. மூன்று தலைமுறைக்கு மேலே பொதுவான தாத்தா இருக்கும் உறவுகளில் பலருக்கு ஒரு துளிகூடப் பொருந்தாமல் போகலாம். பொருந்தினாலும் எந்த வழியில் என்று அது சொல்லாது. காகிதம்தான் சொல்லும்.

இந்தக் கேள்வி சேவையே ஒருமுறை மடக்கியிருக்கிறது. 1964 டிசம்பரில் பயணத்தின் நடுவில் டப்ளினில் இறங்க நேர்ந்தபோது அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார்: உங்கள் முன்னோர்களின் பச்சை அயர்லாந்தில் இருக்கிறேன், விஷயம் தெரிந்து டிவிக்காரர்கள் வந்து லிஞ்ச் வம்சாவளி பற்றிக் கேட்டார்கள், அவர்கள் ஏதாவது குதிரைத் திருடர்களாக இருந்து தொலைத்தால் என்ன செய்வது என்று நான் அதிகம் வாயைத் திறக்கவில்லை.